உன் அப்பாவிடம் சொல்லிவிடு

ஜனவரி 9

என் சுண்டுவுக்கு,

பாட்டி எழுதுவது. என் முழங்கால், உன் அம்மாவின் இடுப்பு, சமையலறை மின்விசிறி, இந்த மூன்றையும் தவிர வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. உன் உடம்பு எப்படி? புது இடத்துத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா?

பயிற்சி விடுதியில் எல்லாப் பிள்ளைகளின் போனையும் வாங்கிப் பூட்டிவிட்டார்கள், காலி செய்யும்போதுதான் தருவார்கள் என்று உன் அம்மா சொன்னாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாலாம் வகுப்போடு நின்றுபோன கை இது. எழுத்து கோணினால் சிரிக்காதே. கோணினாலும் நான் எழுதுவது எதுவும் மறக்காமல் எழுதுவது.

நீ போனதும் வீடு ஊமையாகிவிட்டது. நானும் உன் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை என்பது உனக்குத் தெரியாததா? நீ இருந்தவரை "சுண்டு, உன் அப்பாகிட்ட சொல்லு" என்பேன், அவன் "சுண்டு, பாட்டிகிட்ட சொல்லு" என்பான், காரியம் நடந்தது. இப்போது யாரை நடுவில் நிறுத்துவது? உன் அம்மாவைக் கேட்டேன். "ஆஸ்பத்திரியில டூட்டி பாத்துட்டு வந்து இங்க உங்க ரெண்டு பேருக்கும் தபால் வேலை வேற பாக்கணுமா? நான் நர்ஸ்தான், போஸ்ட்மேன் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே இனியும் உன் வழியாகத்தான். நீ அவனுக்கு எழுதும்போது, குளியலறைக் குழாய் சொட்டுகிறது என்று உன் அப்பாவிடம் சொல்லிவிடு. ஊரிலுள்ள கடைகளின் எடை மெஷினையெல்லாம் பழுது பார்க்கிறவனுக்குச் சொந்த வீட்டுக் குழாய் கண்ணில் படவில்லை. நான் இதை எழுதும்போது அடுத்த அறையில் இருமிக்கொண்டுதான் இருக்கிறான். இருமட்டும்.

போன ஜூலையை நான் மறக்கவில்லை. உனக்கு மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இடம் கிடைத்து, அவன் சக்கரம் வைத்த புதுப்பெட்டி வாங்கி, உன்னையும் பெட்டியையும் கூட்டிக்கொண்டு போனான். சாயங்காலம் இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தான். "பொம்பளைப் பிள்ளைக்கு அந்த இடம் சரிப்படாது, கேட்டிலேயே திரும்பிட்டோம்" என்றான். நீ நேராகக் குளிக்கப் போனாய். உன் செருப்பின் அடியில் குத்தியிருந்த இரும்புச் சுருளை நான்தான் ஊசியால் நெம்பி எடுத்தேன். ரோடெல்லாம் குப்பை என்றாய். அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்தினேன்.

என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியவன் என் அண்ணன். அவன் சாகும்வரை அவனோடு பேசவில்லை. சாவுக்குப் போனேன், அழவில்லை. அண்ணன் செய்ததை என் பிள்ளையும் செய்வானென்றால் அவனுக்கும் அதே கணக்குத்தான்.

அந்தப் பரீட்சையை இரண்டு தடவைதான் எழுத விடுவார்கள் என்கிறார்கள். இது உனக்கு இரண்டாவது. விடாதே.

வாயைக் கட்டாமல் சாப்பிடு. பதிலைச் சீக்கிரம் போடு.

உன் பாட்டி


பிப்ரவரி 2

அன்புள்ள பாட்டிக்கு,

சுண்டு எழுதுகிறேன். நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் தூக்கம் மட்டும் போதவில்லை. உங்கள் முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொள்கிறீர்களா?

அப்பாவுக்கு எழுதினேன். அவர் பதிலை அப்படியே தருகிறேன்: "பாட்டியிடம் சொல், குழாயைப் பார்த்தேன், உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது, அந்த அளவு கடையில் இல்லை, சொல்லி வைத்திருக்கிறேன்." பாட்டி, உங்கள் அறையிலிருந்து அப்பாவின் அறைக்கு ஒரு நடை. இந்தக் குழாய் செய்தி என் மேசை வரைக்கும் வந்து திரும்பிப் போகிறது. தபால்காரருக்கே பாவமாக இருக்கும்.

இங்கே ஓர் அறையில் நான்கு பேர். என் பக்கத்துக் கட்டில்காரியை எல்லாரும் கால்குலேட்டர் என்றுதான் கூப்பிடுவோம். தூக்கத்தில்கூட விடை சொல்வாள். விடுதிக்காரம்மா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எண்ணுவார். காலையில் கணக்கு, மதியம் பௌதிகம், சாயங்காலம் தேர்வு, அதற்குப் பிறகு மதிப்பெண்ணைச் சுவரில் ஒட்டுவார்கள். என்னால் ஒரே இடத்தில் உட்கார முடிவதில்லை. மாடிப்படியில் நடந்துகொண்டே படிக்கிறேன். கால்குலேட்டர் "நீ படிக்கறியா, ரோந்து சுத்தறியா?" என்கிறாள்.

எங்கள் வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர்தான். பெரும்பாலும் கம்ப்யூட்டர் எடுக்கப் போகிறார்கள். மெக்கானிக்கல் என்று நான் சொன்னால் "ஏன்?" என்று கேட்கிறார்கள். பையன்களிடம் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சின்ன வயதில் அப்பாவோடு கடை கடையாகப் போய், மெஷினைத் திறந்து உள்ளே பார்த்தது பிடித்திருந்தது. அவ்வளவுதான். அதை எப்படிச் சொல்வது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்டு


பிப்ரவரி 27

என் சுண்டுவுக்கு,

பாட்டி. உன் கடிதம் கைக்கு வந்தது. முழங்கால் முன்பைவிட மோசமுமில்லை, மேலுமில்லை. உன் தூக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்கும் தூக்கம் வரவில்லை, இப்போது சரிக்குச் சரி.

வாஷர் இல்லையாம்! இந்த ஊரில் வாஷருக்கா பஞ்சம்? உன் அப்பாவிடம் சொல்லிவிடு, குழாய்க்குக் கீழே வைத்த வாளி நிரம்பி வழிகிறது, அதில் நான் வழுக்கி விழுந்தால் என்னைத் தூக்கவும் உன் மூலமாகத்தான் சொல்லி அனுப்ப வேண்டியிருக்கும்.

ஏன் மெக்கானிக்கல் என்று கேட்டவர்களின் முகத்தையெல்லாம் நினைவில் வைத்துக்கொள். பின்னால் உபயோகப்படும். நான் மருந்துக் கம்பெனியில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது, மெஷின் நின்றுபோனால் பெண்களெல்லாம் சுவரோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை கிட்டே வரக்கூடாது. "ஏம்மா, புடவை மாட்டிக்கும், தள்ளு, தள்ளு" என்பான், சிவப்பு மூக்குக்காரன். அவன் புடவை கட்டியதேயில்லை, அவன் விரல்தான் ஒரு நாள் மாட்டியது. எனக்குச் சந்தோஷமில்லை. வருத்தமுமில்லை.

இன்னொன்று. உன் அப்பா போன ஞாயிற்றுக்கிழமை பரண் மேலிருந்த அந்தச் சக்கரப் பெட்டியை இறக்கினான். கூடத்தில் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் எண்ணெய் விட்டு, விரலால் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தான். நான் செய்தித்தாளைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன். விற்கப் போகிறான் போலிருக்கிறது. கேட்கத்தான் வழியில்லை. நீ கேட்டு எழுது.

வேளைக்குச் சாப்பிடு. ரோந்து சுற்று, தப்பில்லை, படியில் மட்டும் பார்த்து இறங்கு.

பாட்டி


ஏப்ரல் 20

அன்புள்ள பாட்டிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபம் வேண்டாம். பரீட்சை முடிந்துவிட்டது. நலமாகத்தான் இருக்கிறேன். வீட்டில் எல்லாரும் எப்படி?

கணக்கு நன்றாக எழுதினேன். பௌதிகத்தில் இரண்டு கேள்வி சந்தேகம். கால்குலேட்டர் வெளியே வந்ததும் எல்லா விடையையும் ஒப்பிக்க ஆரம்பித்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன். இன்னொரு பரீட்சை ஜூன் முதல் வாரம். அதுவரை இங்கேயேதான். அதற்குப் பிறகும் முடிவு வரும்வரை இங்கேயே இருக்கலாமென்று பார்க்கிறேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் இருக்க இடம் தருகிறேன் என்று விடுதிக்காரம்மா சொல்லியிருக்கிறார்.

பெட்டியைப் பற்றி அப்பாவிடம் கேட்டேன். "விற்கவில்லை, சும்மா இருந்தால் சக்கரம் இறுகிவிடும்" என்று சொல்லச் சொன்னார்.

பாட்டி, எனக்கு ஒரு கனவு திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கல்லூரி ஒர்க் ஷாப்பில் நிற்கிறேன். பெஞ்சு என் நெஞ்சு உயரம் இருக்கிறது. இரும்பைச் சீவும் லேத் மெஷினின் கைப்பிடியை எட்டிப் பிடித்தால் வேலை செய்யும் இடம் தெரிவதில்லை, தெரிகிற மாதிரி நின்றால் கை எட்டுவதில்லை. பின்னால் வரிசையாகப் பையன்கள். எனக்குச் சுண்டு என்று பெயர் வைத்தது யார் பாட்டி? நீங்களா? வேறு பெயர் கிடைக்கவில்லையா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீங்கள் அப்பாவிடம் பேசினால் என்ன? இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்குக் கால் வலிக்கிறது. அப்பா அவ்வளவு தப்பொன்றும் செய்யவில்லை.

மருந்தை மறக்காமல் போடுங்கள்.

சுண்டு


ஏப்ரல் 29

சுண்டு,

பாட்டிதான். நலம். உன் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வேறு வார்டு மாற்றியிருக்கிறார்கள், அதில் நடை குறைவு, இடுப்புக்கு நல்லது.

பெயர் நான் வைத்ததுதான். நீ பிறந்தபோது உன் அம்மாவின் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய். குள்ளம் என்று வைத்ததில்லை. பிடி விடாதவள் என்று வைத்தது.

நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். பேச்சை நிறுத்தியவர்தான் முதலில் பேச வேண்டும். நிறுத்தியது நான். காரணம் தீராமல் வாயைத் திறந்தால் இத்தனை மாதம் மூடிவைத்ததற்கு என்ன மரியாதை? ஒரு பெண்பிள்ளையின் படிப்பைக் கேட்டோடு திருப்பி அழைத்து வந்தது தப்பில்லையென்றால் வேறு எதுதான் தப்பு, நீயே சொல்.

உன் கனவை உன் அம்மாவைவிட்டு இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். எனக்கு ஒன்று புரியவில்லை. கேட்டிலேயே திரும்பிவிட்டீர்கள் என்றால், உள்ளே இருக்கும் பெஞ்சு உன் நெஞ்சு உயரம் என்பது உனக்கு எப்படித் தெரியும்?

இதற்குப் பதில் எழுது. மற்றதையெல்லாம் அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.

பாட்டி


ஜூன் 24

அன்புள்ள பாட்டிக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இரண்டாவது பரீட்சை முடிந்து ரேங்க் வந்துவிட்டது. போன வருடத்தைவிட நல்ல ரேங்க். அம்மா ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்ததாக எழுதியிருந்தார். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வேண்டும் என்று வரிசைப்படி கொடுக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டர் மையத்தில் உட்கார்ந்து கொடுத்துவிட்டேன். முதலில் அதே கல்லூரி, அதே மெக்கானிக்கல். கால்குலேட்டர் "இந்த ரேங்க்குக்கு கம்ப்யூட்டரே கிடைக்கும்டி, பைத்தியமா?" என்றாள். வேறு எதை முதலில் போட்டாலும் பொய் சொன்ன மாதிரி இருந்தது.

விண்ணப்பத்தில் கொடுத்திருப்பது அப்பாவின் போன் நம்பர். இடம் வந்ததும் அதற்குத்தான் செய்தி வரும். குறித்த நாளுக்குள் அதிலேயே சம்மதம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

வாஷர் கிடைத்ததா?

சுண்டு


ஜூலை 3

சுண்டுவுக்கு,

இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாயிருக்கிறது, நலம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறாய்.

நான் கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்க மாட்டேன். என் பேத்தி மறக்கிற ஜாதியில்லை. வாஷரைப் பற்றிக் கேட்க நினைவிருந்திருக்கிறது, பார்!

ரேங்க் வந்த அன்று உன் அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றான். என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். பிறகு சுவரைப் பார்த்து, "நல்ல ரேங்க்காம்" என்றான். நானும் சுவரைப் பார்த்து, "சந்தோஷம்" என்றேன். சுவருக்குத்தான் எங்கள் வீட்டில் எல்லாம் முதலில் தெரிகிறது.

ஆனால் எனக்கு மனம் நிற்கவில்லை. சம்மதம் கொடுக்கும் பொத்தான் மறுபடியும் அவன் கையில் இருக்கிறதே! போன வருடமும் அவன் கையில்தான் இருந்தது. உன் அப்பாவிடம் இதைச் சொல்லிவிடு. நான் எழுதுகிறபடியே எழுது, ஓர் எழுத்தை மாற்றாதே. இந்தத் தடவையும் இடம் கைவிட்டுப் போனால் அவன் சாவுக்கு நான் போகிறேனோ, என் சாவுக்கு அவன் வருகிறானோ, அழுகை மட்டும் இரண்டிலும் கிடையாது.

தண்ணீர் நிறையக் குடி. வெயில் கடுமையாக இருக்கிறது.

பாட்டி


ஜூலை 13

சுண்டு,

அப்பா. எல்லாரும் நலம். கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும். விடுதிக்காரம்மா இருக்கும் இடத்தில் நின்று போனில் பேச உனக்குக் கஷ்டம் என்று தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

இடம் வந்துவிட்டது. நீ முதலில் போட்டதே. வெள்ளிக்கிழமை மாலைக்குள் சம்மதம் கொடுக்க வேண்டும்.

நான் இன்னும் அழுத்தவில்லை. போன வருடம் அந்த ஒர்க் ஷாப்பைப் பார்த்துவிட்டு வந்து கேட் பெஞ்சில் உட்கார்ந்து நீ அழுததை நான் மறக்கவில்லை. வேண்டாம்ப்பா என்றாய். சரி என்றேன். இந்தத் தடவையும் நீ சொல்வதுதான். வேண்டுமென்றால் ஒரு வார்த்தை சொல், அழுத்துகிறேன். வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன். விட்டாலும் நான்தான் விட்டேன் என்றே இருக்கட்டும். பாட்டி என்மேல்தானே கோபப்படுவார், எனக்குப் பழகிவிட்டது. உன்னிடமும் பேசாமல் போனால் உன்னால் தாங்க முடியாது.

பாட்டி சொல்லச் சொன்னதை எனக்கு எழுத வேண்டாம். உன் கடிதத்தில் அந்த இடத்தை நீ விட்டுவிட்டாய், ஆனால் உன் பாட்டி எழுதும்போது சத்தமாகச் சொல்லிக்கொண்டேதான் எழுதுகிறார். அடுத்த அறைக்குக் கேட்கும்.

சாப்பிடு.

அப்பா


ஜூலை 16, வியாழன்

சுண்டு,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்குமா, நீ எங்கே இருக்கிறாய், ஒன்றும் தெரியவில்லை. நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

காலையில் உன் அம்மா விடுதிக்குப் போன் செய்தாள். "விடியறதுக்குள்ள பையைத் தூக்கிட்டுக் கிளம்பிடுச்சுங்க, வீட்டுக்குத்தான் வருதுன்னு நெனச்சேன்" என்கிறாள் அந்த நாற்காலிக்காரி. ஆளை எண்ணுகிற லட்சணம்! உன் அம்மா டூட்டிக்குப் போகாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருக்கிறாள். உன் அப்பா போனை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். இடம் வந்துவிட்டது என்று இன்றைக்குத்தான் உன் அம்மா வாயிலிருந்து எனக்குத் தெரியும். நாளையோடு கெடு. "அழுத்தித் தொலைங்களேன்!" என்று அவள் கத்தினாள். "அவ சொல்லட்டும்" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் சண்டைக்குத் தயாராகத்தான் எழுந்தேன். போன ஜூலையிலிருந்து சேர்த்து வைத்ததையெல்லாம் அவன் தலையில் கொட்டிவிடுவது என்று எழுந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த நாள் முழுக்க எனக்குள் மறுபடி ஓடியது. எனக்குத்தான் ஒன்றும் மறக்காதே. மறக்கவில்லை, ஆனால் பார்க்கவுமில்லை.

அனுப்ப மாட்டேன் என்கிறவன் எதற்குப் புதுப்பெட்டி வாங்குகிறான்? எதற்கு அதன் சக்கரத்துக்கு எண்ணெய் விடுகிறான்? கேட்டிலேயே திரும்பினோம் என்று சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பார்த்தான். சரியாகச் சொல்கிறேனா என்று கேட்கிற பார்வை அது. பெஞ்சு நெஞ்சு உயரம் என்று எழுதினாய். அன்று உன் செருப்பில் குத்தியிருந்தது சுருள் சுருளாக இரும்புச் சீவல். எந்த ரோட்டில் சுண்டு இரும்பைச் சீவிப் போட்டிருக்கிறார்கள்? உன் அப்பா செருப்பிலும் இருந்தது. அதை எடுக்க நான் ஊசியைக் கொண்டுபோகவில்லை.

திரும்பச் சொன்னது அவன் இல்லை.

என் அண்ணனும் இவனும் ஒன்று என்று நினைத்து, என் அண்ணனுக்குக் கொடுத்ததை இவனுக்கும் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்திருக்கிறான்.

உன்னிடம் கேட்பதற்கு நிறைய இருக்கிறது. முதலில் நீ எங்கே என்று தெரியட்டும். நான் இப்போது எழுந்து அடுத்த அறைக்குப் போகிறேன்.

பாட்டி


ஜூலை 17

அன்புள்ள பாட்டிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்களையெல்லாம் பயப்படவைத்துவிட்டேன். கல்லூரி வாட்ச்மேனின் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் போனை வாங்காமலேயே விடுதியிலிருந்து வந்துவிட்டேன். நேற்று அவருடைய போனிலிருந்துதான் அப்பாவிடம் பேசினேன், பேசி முடிப்பதற்குள் சார்ஜ் போய்விட்டது. அதனால் மிச்சத்தை எழுதுகிறேன்.

விடுதியில் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன் போலிருந்தது. அதனால் முதல் பஸ்ஸில் ஏறிவிட்டேன். நேராக ஒர்க் ஷாப். பெஞ்சு கனவில் வந்த அதே உயரம். மூக்குக்கண்ணாடி போட்ட ஃபோர்மேன் ஒருவர், "என்னம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார். "மெஷினைப் பாக்கணும்" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

கோடியில் ஒரு லேத்தில் ஓர் அக்கா வேலை செய்துகொண்டிருந்தார். மூன்றாம் வருடம். என்னைவிட விரல்கடை அளவுகூட உயரமில்லை. ஆனால் கை எட்டியது, வேலையும் தெரிந்தது. குனிந்து பார்த்தேன். கால்களுக்குக் கீழே ஒரு மரப்பலகை. "இங்க பொண்ணுங்க நாங்க ரெண்டு பேரு, பலகை ரெண்டு. வந்தப்ப நானும் அழுதேன். அப்புறம் அழுகையை நிறுத்திட்டுப் பலகை அடிச்சேன். நீ சேரப் போறியா, வேடிக்கை பாக்கப் போறியா?" என்றார்.

மரவேலைப் பகுதியில் கழிவுப் பலகை கேட்டோம். ஃபோர்மேன் முதலில் முறைத்தார், பிறகு அவரே ரம்பத்தை எடுத்துக் கொடுத்தார். நான் அறுத்தேன், அக்கா பிடித்துக்கொண்டார். ஆணி ஒன்று கோணலாகப் போனது. ஏறி நின்றேன் பாட்டி. எட்டியது.

அதன் பிறகுதான் வாட்ச்மேனிடம் போன் கேட்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "போன வருஷம் இந்த கேட் பெஞ்சுல உக்காந்து அழுதியே, உங்கப்பா கைக்குட்டையை நனைச்சுக் கொண்டாந்து குடுத்தாரே, அந்தப் பொண்ணுதானே?" என்றார். அவருக்கு ஆள் மாறியிருக்கும்.

அப்பாவிடம் "அழுத்துங்கப்பா" என்றேன். அப்போது பக்கத்தில் "எது, பச்சையா?" என்று ஒரு குரல் கேட்டது. யாரது? அம்மா மாதிரி இல்லை.

நேற்று இரவு அக்காவின் அறையில்தான் தூங்கினேன், சேரும்வரை அங்கேயே இருக்கச் சொன்னார். உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

சுண்டு


ஜூலை 25

சுண்டு,

அப்பா. வீட்டில் எல்லாரும் நலம், இதை உண்மையாகவே எழுதுகிறேன். சேர்க்கைத் தாள் தபாலில் வந்துவிட்டது. அம்மா அதை நாலு பிரதி எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்த வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பாட்டி என் அறை வாசலில் வந்து நின்றார். நான் எழுந்தேன். "குழாய் சொட்டுது" என்றார். சுவரைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "வாஷர் வந்துடுச்சும்மா" என்றேன். அது பிப்ரவரியிலேயே வந்துவிட்டது, சுண்டு. மாட்டிவிட்டால் பாட்டிக்கு என்னிடம் சொல்லி அனுப்ப ஒன்றும் இருக்காதே என்று மாட்டாமல் வைத்திருந்தேன். இதைப் பாட்டியிடம் சொல்லாதே.

குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தபோதுதான் உன் போன் வந்தது. இரண்டு கையிலும் தண்ணீரும் துருவும். பாட்டிதான் போனை என் காதில் பிடித்தார். நீ அழுத்தச் சொன்னதும் சம்மதப் பக்கத்துக்கு எப்படிப் போவதென்று நான் சொல்லச் சொல்ல, அவரே தேடிப் போனார். "எது, பச்சையா?" என்று கேட்டுவிட்டு, கட்டைவிரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு அழுத்தினார். ஒரு தடவை அழுத்தினால் போதும் என்றேன். போதாது என்று இன்னொரு தடவை அழுத்தினார்.

உன் கடிதம் வந்தது. அம்மா படிக்க, பாட்டி கேட்டார். பலகை வரைக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தார். "ஆள் மாறியிருக்கும்" என்ற இடம் வந்ததும் படிப்பதை நிறுத்தச் சொன்னார். "என்கிட்டயே ஆள் மாறியிருக்கும்கறாளா!" என்றார். இன்றிலிருந்து அவர் உன்னோடு பேச மாட்டாராம். பேச்சை நிறுத்தியவர் அவர், அதனால் அவராகத் தொடங்கும்வரை நீயும் காத்திருக்க வேண்டுமாம். அதுவரை என் மூலமாகத்தான். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன்:

உன் மகளிடம் கேள், பலகை என்ன மரம்? கோணலாகப் போன ஆணியை அடித்து மடக்கினாளா, துருத்திக்கொண்டு நிற்கிறதா? காலில் செருப்பா ஷூவா? சிரித்தவன் எப்படி இருப்பான், முகத்தைப் பார்த்து வைத்தாளா? மூக்குக்கண்ணாடிக்காரர் ரம்பம் கொடுத்தார் என்பதால் அவரை விட்டுவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்டியை எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு வருகிறேன். சக்கரம் நன்றாக ஓடுகிறது. பாட்டியும் வருகிறார். முழங்கால் வலிக்குமே என்றேன். இதையும் எழுதச் சொல்கிறார்:

உன் மகளிடம் சொல்லிவிடு. அவளோடு பேச ஒன்றும் நான் வரவில்லை. பலகையைப் பார்க்க வருகிறேன்.

அப்பா